உடுக்குறி

வால்டிவியாவில் ஜூலை என்றால் மழை.
மாணவர் பேரவை அறையில் இரண்டு ஒழுக்கு.
ஒன்றின் கீழே வாளி,
மற்றொன்றின் கீழே போன வருடத்து வாக்குப்பெட்டி.

இணையதளம் வேண்டும் என்றார்கள்.
பழையதின் கடவுச்சொல்
பட்டம் வாங்கிக்கொண்டு வடக்கே போய்விட்டது.
ஏதோ வங்கியில் வேலையாம், போனை எடுப்பதில்லை.
சம்பளம் உண்டா என்றேன்.
பொருளாளர் இத்தாலோ
கையிலிருந்த சோபைப்பியாவைப் பிய்த்துப்
பாதியை நீட்டினான்.
சூடாக இருந்தது, ஒப்புக்கொண்டேன்.

முதல் கூட்டம் மூன்று மணி நேரம்,
அதில் இரண்டரை நிறத்துக்கு.
சிவப்பு என்றான் தலைவன் எலிசேயோ.
பச்சை என்றார்கள் வனவியல்காரர்கள்.
ஆற்றின் நிறத்தை வைப்போமே என்றாள் ஒருத்தி.
பத்துப் பேரும் எழுந்து ஜன்னலுக்குப் போனோம்.
ஆறு சாம்பலாய் இருந்தது.
சாம்பல் ஏழுக்கு மூன்றில் தோற்றது.

தளம் என்பதும் வீடு கட்டுவதுதான்.
என்ன, இங்கே எல்லோருக்கும்
வாசலிலேயே அறை வேண்டும்.

கடைசியில் புகார்ப் பக்கம்.
பெயர், மாணவர் எண், துறை, புகார்.
நான்கு கட்டங்கள்,
ஒவ்வொன்றின் தோளிலும் ஒரு பொடிச் சிவப்பு உடுக்குறி:
நிரப்பாமல் நகர முடியாது.
சிவப்பு நட்சத்திரமா என்று
எலிசேயோ ஒரு கணம் மகிழ்ந்தான்.

யாஸ்னா ஒயார்சூன், கூட்டக் குறிப்பு எழுதுகிறவள்,
மூன்று வாரமாக வாய் திறக்காதவள்,
பேனாவை மூடினாள்.
"பெயருக்குப் பக்கத்தில் இருப்பதை எடு.
எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதையும்.
எண் என்பது மாறுவேடம் போட்ட பெயர்."

மொட்டைக் கடுதாசிக்கு வாசல் திறப்பதா என்றான் இத்தாலோ.
உணவகத்து சூப்பைப் பற்றி நாற்பது வரும்,
என் மீசையைப் பற்றி நான்கு வரும்.

"எடு" என்றாள். காரணம் சொல்லவில்லை.
அன்றைய குறிப்பைப் பிறகு புரட்டினேன்.
அந்த ஒரு வரியில் மட்டும்
மை அடுத்த பக்கத்துக்கு இறங்கியிருந்தது.

ஐந்துக்கு ஐந்து.
வாளி நிறைந்துவிட்டது என்று
தலைவன் எழுந்து போனான்.

எனக்கு வாக்கு இல்லை.
விசைப்பலகை இருந்தது.

இரவு, விறகடுப்பு அணைந்த அறையில்
விரல்நுனி வெட்டிய கையுறையோடு
இரண்டு இடத்தில் ஒரே சொல்லை அழித்தேன்.
இரண்டு நட்சத்திரம் உதிர்ந்தன.
வானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

வியாழன் திறந்தோம். இத்தாலோ சொன்னது சரி:
சூப் முப்பத்தொன்று.
மீசை இரண்டு.
மீன் சந்தைக் கடற்சிங்கங்களுக்கு
வாக்குரிமை கேட்டு ஒன்று.

ஞாயிறு விடியுமுன், மூன்று பன்னிரண்டுக்கு,
பெயர் வெறுமை.
எண் வெறுமை.
துறை என்ற இடத்தில் ஒரு புள்ளி.
(அந்த நட்சத்திரத்தை நான் மறந்திருந்தேன்.)

"மூன்றாம் மாடி ஆய்வகத்தில்
ஆறு மணிக்குப் பிறகு விளக்கை யார் அணைக்கிறார்
என்று கேளுங்கள்.
அந்தக் கதவுக்கு
உள்பக்கம் கைப்பிடி இல்லை."

திங்கள், சூப்பை யாரும் எடுக்கவில்லை.
படியேறிப் போனோம், பத்துப் பேரும், நானும்.
கைப்பிடி இருந்த இடத்தில்
இரண்டு திருகுத் துளைகள்.
இத்தாலோ ஒன்றில் விரலை வைத்து
நெடுநேரம் எடுக்காமல் நின்றான்.
யாஸ்னா உள்ளே வரவில்லை.
வெளியே நின்று
கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்,
சாத்திவிடாதபடி.

அன்று புகார்ப் பக்கத்தை முகப்புக்கு ஏற்றினேன்,
தலைவன் படத்துக்கு மேலே.
வாக்கெடுப்பு கேட்க ஒருவரும் வாய் திறக்கவில்லை.
துறையின் நட்சத்திரமும் போயிற்று.
நிறம் இன்னும் முடிவாகவில்லை.

நான்கு வகைக் கைபேசிகளில் சரிபார்த்தேன்,
ஒரு கையால் தட்டி,
வெளிச்சத்தைக் கடைசி அளவுக்குக் குறைத்து,
போர்வைக்குள்ளிருந்தும்.